கிணற்றுக்குள் சிவப்பு

6-5-74, திங்கள்

வெயில் தாங்கவில்லை. டார்க்ரூமில் கெமிக்கல் எல்லாம் தானாகவே சூடு. காலையில் இரண்டு பாஸ்போர்ட், ஒரு கல்யாண ஜோடி. மாப்பிள்ளை கடைசிவரை சிரிக்கவில்லை.

பீங்கான் கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பினார். போனேன். வெள்ளைக் கோப்பைகளில் பழுப்புப் புள்ளி விழுகிறதாம். மூன்று சூளைச் சரக்கு வீண். களிமண்ணைச் சோதித்தாயிற்று, குற்றமில்லை. மிச்சம் கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய சுடுமண் உறைகளின் இடுக்கு வழியே செம்மண் கசிகிறதோ என்று சந்தேகம். இறைத்துப் பார்க்கலாமே என்றேன்.

"எறச்சா மறுபடி ஊற எட்டு நாளாவும். அதுவரைக்கும் எத வெச்சு மண்ணு கரைக்கிறது? நீங்க உள்ள போயி படம் எடுங்க. கலர்ல" என்றார் மேனேஜர்.

பக்கத்தில் நின்றவர் ஆரோக்கியசாமி. அந்த உறைகளைச் சுட்டவர், இறக்கிப் பூசியவர், எல்லாம் அவர்தான். "நல்லா எடுங்க சார், என் பூச்சு அசையாது" என்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று.

7-5, செவ்வாய்

தயார் செய்தவை:
கேமராவுக்கு பிஸ்கட் டின், முன்பக்கம் அறுத்துக் கண்ணாடி. சுற்றிலும் சைக்கிள் டியூப், மெழுகு.
பிளாஷுக்கு அகல வாய் பாட்டில்.
கலர் ஸ்லைடு பிலிம் ஒன்று.
பட்டணத்துக் கடையிலிருந்து போன வருஷம் வாங்கி வந்த சிவப்பு பில்டர். மெல்லிய தாள் மாதிரி. விரல் பட்டால் போச்சு.

இந்த பில்டரைப் பற்றி போட்டோ புத்தகத்தில் படித்துப் படித்து மனப்பாடம். ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் தின்கிறது. கண்ணுக்கு எல்லாம் பச்சையாகவும் சாம்பலாகவும் தெரியும். பில்டர் அந்தப் பச்சையைக் குறைத்து, போன சிவப்பை மீட்டுக் கொடுக்கும். வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும், ஆகவே லென்ஸை முக்கால் ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். விருத்தாசலத்தில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று மனைவி கமலாவிடம் சொன்னேன். "மெழுக அடுப்புல வெச்சுட்டுப் பேசாதீங்க, கொதிக்குது" என்றாள்.

8-5, புதன்

சரியாகப் பன்னிரண்டு மணி. சூரியன் கிணற்றுக்கு நேர் மேலே. இடுப்பில் கயிறு, மறுமுனை ஆரோக்கியசாமி கையில். அளவு தெரிவதற்கு வீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சாசர், நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மூச்சுப் பிடித்து முங்கி, ஒரு படம், மேலே வந்து மூச்சு. பன்னிரண்டு படத்துக்கு ஒரு மணி நேரம்.

முதல் எட்டு, வெயில் வெளிச்சத்தில். கடைசி நான்கு, அடி உறைகள். அங்கே இருட்டு, ஆகவே பிளாஷ். உறை இடுக்குகளில் கோடு கோடாக ஏதோ வழிந்திருந்தது. பச்சையாகத் தெரிந்தது. அங்கே எல்லாமே பச்சைதான், என் கால்கூட.

ஏறியதும் ஆ.சாமி தன் துண்டைக் கொடுத்தார். "எப்படி இருக்குது சார் கீழ?" படம் வந்தால் தெரியும் என்றேன்.

பிலிம் கழுவுவதற்குப் பம்பாய்க்கு, ரிஜிஸ்டர் தபாலில்.

31-5, வெள்ளி

ஸ்லைடு வந்துவிட்டது! சாயங்காலம் கம்பெனி ஆபீஸில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, புரொஜக்டரில் காட்டினேன். தண்ணீருக்கடியில் நிறம் நிறமாக. மேனேஜர் கை தட்டினார். கடைசி நான்கு படம்தான் விஷயம். அடி உறை இடுக்குகளில் சிவப்புச் சிவப்பாகக் கசிவு. சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆ.சாமி எழுந்து வேட்டிக்குக் கிட்டே போய் நின்றார். வெகு நேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. பொய் சொல்வானேன்.

1-6, சனி

மத்தியானம் கமலா ஸ்லைடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பத்தாவது படத்தில் நின்றாள்.

"இது நம்ம வூட்டு சாசர்தான? வெள்ளையாச்சே. ஏன் ரோஸா இருக்குது?"

பிடுங்கிப் பார்த்தேன். ரோஸ். ஐந்தாவது படத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்ததில், அதே சாசர் வெள்ளை.

பிளாஷ் போட்டபோது பில்டரை எடுக்கவில்லை. டின்னுக்குள் வைத்து மெழுகு பூசிவிட்டேன், எடுக்க வழியும் இல்லை. பிளாஷ் வெளிச்சம் இரண்டு முழத் தூரம்தான் போய் வருகிறது. அதற்குள் தண்ணீர் சிவப்பைத் தின்றிருக்காது. தின்னாத சிவப்பை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இடுக்கில் இருந்தது வெறும் சுண்ணாம்புக் கசிவாகக்கூட இருக்கலாம்.

பிளாஷ் போட்டால் பில்டர் கூடாது. அதுவும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. இப்போதுதான் மறுபடி படித்தேன்.

2-6, ஞாயிறு

போகவில்லை. ஆபீஸ் லீவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜர் வீடு மூன்றாவது தெருவில்தான்.

கமலா கேட்டாள், "சொல்லிட்டு வந்தீங்களா?" நாளைக்கு என்றேன். அவள் சாசரை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

3-6, திங்கள்

ஜங்ஷன் டீக்கடையில் ஒரு ஆள், என்னைக் காட்டி: "தண்ணிக்குள்ள முங்கிக் கள்ள வேலைய புடிச்சாரே, அந்த போட்டோக்காரரு இவருதாம்ப்பா." இன்னொருவர், "ஆரோக்கியசாமி ரெண்டு நாளா வேலைக்கு வரலியே." டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இன்றும் கம்பெனிப் பக்கம் போகவில்லை. கோழை.

4-6, செவ்வாய்

போனேன். சாசரையும் இரண்டு ஸ்லைடுகளையும் மேஜைமேல் வைத்தேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று நாள் இதற்கா பயந்தேன்.

மேனேஜர் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப புள்ளி எங்கேருந்துதான் வருது?"

"தெரியல சார். என் படம் அதச் சொல்லாது. ஆரோக்கியசாமிய திரும்ப எடுத்துக்குங்க."

"நான் அவர வேலைய வுட்டு அனுப்பலியே. சனிக்கெழம காலைல அவரே வந்து, என் வேல தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போனாரு." தாளைக் காட்டினார். கோணல்மாணலான எழுத்து. திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

5-6, புதன்

காலையிலேயே ஆ.சாமி வீடு, மாதா கோயில் பின் தெரு. அவர் மனைவி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பில்டர், பிளாஷ், சாசர், சனிக்கிழமையே தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தது. தப்பு என்னுடையது என்றேன். கை கூப்பினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க எடுத்த படமாச்சே சார். என் கைய நம்புறதா, படத்த நம்புறதா? அடி உறைக்குப் பூசுன அன்னிக்கி எனக்குக் காய்ச்சலு. அதான் அவசரத்துல சரியா பூசாம வுட்டுட்டேன் போலருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார் மேனேஜர் என்றேன். தலையாட்டினார். மனைவி உள்ளே போனதும், மெதுவாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் சார், வேலையில ஏமாத்தின பாவத்த மன்னிக்கணும்னு. அபராதமா அவரு குடுத்த செபத்தயும் சொல்லி முடிச்சிட்டேன்."