அழாத பிள்ளை

நாமகிரிப்பேட்டை
10.5.1982

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சௌந்திரம் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். எல்லாருக்கும் உங்கள் மேல் வருத்தம்.

பிரசவத்துக்கு வந்து பத்து மாதம் இங்கேயே இருந்தீர்கள். போன வாரம், மாமா வாங்கித் தந்த மேல்நாட்டுப் பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில் உள்ளபடி, தாய் விலகிப் போனால் பிள்ளை அழுகிறதா என்று இளங்கோவைச் சோதித்தீர்கள். மஞ்சள் வாங்க வந்த வியாபாரியிடம் அவனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றீர்கள். அவனோ அவர் சட்டைப் பொத்தானைத் திருகிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பெத்தவ எந்திரிச்சுப் போறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் உடுறானா பாருங்க! இவன் எம்பட புள்ளையா, ஊருப் புள்ளையா?" என்று கத்தினீர்கள்.

அம்மா சிரித்தது தப்புத்தான். "ஊருப் புள்ளைதான் கண்ணு. இவன் ஏறாத இடுப்பு எது?"

மறுநாளே மேட்டூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நீங்கள் விட்டுப்போன புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் வரும் குழந்தைகள் எல்லாம் தாயோடு தனி வீட்டில் வளர்ந்தவை. எட்டு இடுப்பில் வளர்ந்தவன் எதற்கு அழ வேண்டும்? உங்கள் மேல் பாசம் இல்லாமல் இல்லை அக்கா, யாரைக் கண்டும் பயமில்லை.

லீவு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ள வரட்டுமா?

சௌந்திரம்

மேட்டூர்
17.5.1982

சௌந்திரத்துக்கு,

ஒன்பதாம் வகுப்புக்காரி எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர வேண்டாம். புத்தகத்தைத் தபாலில் அனுப்பு.

பத்து மாதம் என்னிடம் அவன் பால் குடிக்க மட்டுமே வந்தான். வாயைத் துடைப்பதற்குள் "குடிச்சாச்சில்ல, இங்க கொண்டா" என்று யாராவது கை நீட்டுவீர்கள். நான் என்ன, மாடா?

இங்கே கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் தூக்க வந்தாள். கூடாது என்றேன். நீயும் வராதே.

வசந்தாமணி

நாமகிரிப்பேட்டை
28.6.1982

அக்காவுக்கு,

புத்தகம் வந்திருக்கும். அட்டை கிழிந்ததற்கு நான்தான் காரணம், கோபத்தில் எறிந்தேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

"மாடுன்னா எழுதிப்போட்டா?" என்று அம்மா கேட்டாள்.

சனிக்கிழமை அப்பா வருகிறார். அவர் கையிலாவது பிள்ளையைக் கொடுங்கள்.

சௌந்திரம்

மேட்டூர்
5.7.1982

சௌந்திரத்துக்கு,

அப்பா வந்தார். "வாங்க சாமி" என்று இரண்டு கையையும் நீட்டினார். இளங்கோ வீறிட்டு அலறி, என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போனாலே அழுகிறான். அப்பா காபியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

பிள்ளை என்னுடையவன்தான். அம்மாவிடம் சொல்.

இனி அங்கிருந்து யாரும் வர வேண்டாம். பிள்ளை பயப்படுகிறான்.

இளங்கோவின் அம்மா