கறுப்பாகத் தெரியும் இடம்

அன்புள்ள மகளுக்கு,

உனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதாக உன் கடிதத்தில் கண்டு, இருவருக்கும் வேண்டியவனாகிய உன் அப்பா எழுதுவது. அம்மா சுகம். நானும் சுகம், வலது நுரையீரலில் ஒரு சுண்டைக்காய் அளவு இடம் தவிர.

அதைப் படம் எடுத்த கதையை உனக்குச் சொல்லவில்லையே. இருபத்தாறு வருஷம் அதே எக்ஸ்ரே அறையில் ஊராருக்கெல்லாம் “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று சொன்னவன், சட்டை இல்லாமல் பலகைக்கு முன்னால் நின்றதும் பழக்க தோஷத்தில் நானே அதை உரக்கச் சொல்லிவிட்டேன். சொல்கிறவன் எப்படி மூச்சைப் பிடிப்பான்? படம் கலங்கிப்போயிற்று. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண், “சார், இன்னிக்கு நீங்க பேஷண்ட். வாயை மூடிக்கிட்டு நில்லுங்க” என்றாள். இரண்டாவது படத்தில்தான் அந்த வெள்ளைப் புள்ளி விழுந்தது.

போன ஞாயிறு சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, உங்ககிட்ட ஏதோ மறைவான பாவம் இருக்கு. அதான் ஆண்டவர் விலகிட்டார். அறிக்கை பண்ணிடுங்க” என்றார். பாவத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. எதில் ஆரம்பிப்பது என்றுதான் யோசித்தேன். ஆனால் விலகிட்டார் என்றாரே, அது பொறுக்கவில்லை. “ஒழுகுற வீடுன்னு தெரிஞ்சேதான் அவர் எனக்குள்ள குடிவந்தார், ஐயா. ஒரு சுவர் விரிஞ்சதுக்காகக் காலி பண்ணிட்டுப் போறவர் இல்லை” என்று சொல்லிவிட்டேன். அம்மா மூப்பருக்குச் சர்க்கரை போடாத தேநீர் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

நீயோ மறுபக்கத்திலிருந்து அடிக்கிறாய். இத்தனை ஆயிரம் நெஞ்சைப் படம் எடுத்தீங்களே, ஒண்ணுலயாவது உங்க ஆண்டவர் தெரிஞ்சாரா என்று கேட்டிருக்கிறாய். இனி ஜெபமே பண்ணமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். பத்தாவதோடு நின்றவனுக்கு அந்தப் படத்தை விட்டால் வேறு படிப்பு ஏது? அதில் நுரையீரல் கறுப்பாகத்தான் விழும். வருகிறவர்கள் அதைக் காட்டி, “இங்க ஒண்ணுமே இல்லையே, சார்” என்று பயந்துபோவார்கள். அங்கேதான் உங்கள் மூச்சு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவேன்.

ஆகவே மூப்பர் சொன்னாலும், நீ சொன்னாலும், அந்தச் சுண்டைக்காயே வாய் திறந்து சொன்னாலும் சரி, அவர் உள்ளே இருக்கிறார். இதற்கு நான் யாரிடமும் கையெழுத்து வாங்கப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். உள்ளே ஒருத்தர் குடியிருக்கார், பார்த்துக் கத்தியை வையுங்க என்று டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மயக்க மருந்து எனக்குத்தான், அவருக்கு இல்லை.

உனக்கு லீவு கிடைக்காது, தெரியும். ஜெபம் பண்ணு என்றும் சொல்லமாட்டேன். கோபம் உன்னுடையது, வைத்துக்கொள். அந்த எட்டு மணிக்கு மட்டும், நின்ற இடத்திலேயே ஒரு தடவை மூச்சை இழுத்துப் பிடி. “மூச்சை விடலாம்” என்று சொல்ல நான் விழித்திருக்கமாட்டேன். உனக்குள் இருப்பவர் சொல்வார்.

நீ பேசாவிட்டாலும் உன்னைவிட்டுப் போகாதவர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
வாயை மூடி நிற்கத் தெரியாத உன் அப்பா