பொய்த் திகதி

ஜூலை 14, 2025

கச்சான் காற்று எழும்புவதற்கு முன் பயற்றங்காய்க்கு மருந்து அடித்து முடித்தேன். காய்துளைக்கும் புழு, கையால் பொறுக்கித் தீராது. பதினான்கு நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலில் போட்டிருக்கிறது. ஆக, 28 வரை பறிக்கக்கூடாது. முழங்கால் நோகிறது.

ஜூலை 19

ஜெமீல் ரெலிபோன் எடுத்தார். விவசாயக் கல்லூரியில் கன்ரீன் நடத்துபவர், என் காய்களைக் கிழமைக்கு ஒருமுறை வாங்குபவர். திங்கட்கிழமை புது மாணவர்களுக்கு மத்தியானச் சாப்பாடாம். தம்புள்ளை மரக்கறி லொறி வரவில்லையாம், என் காய்தான் வேண்டுமாம்.

"கமலாதேவி ரீச்சர் தோட்டத்துக் காய் எண்டு போர்டில எழுதிப் போட்டன். மானத்தை வாங்கிப் போடாதீங்க ரீச்சர்."

ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. போர்டில் என் பெயர்.

ஜூலை 20

பறித்தேன். பன்னிரண்டு கிலோ.

காயோடு தோட்டப் புத்தகத்தின் பக்கமும் கல்லூரிக்குப் போக வேண்டும் — மருந்து அடித்த நாள், பறித்த நாள். அடித்த நாள் ஜூலை 3 என்று எழுதினேன். பதினேழு நாள் வருகிறது. முப்பத்தொரு வருடம் இந்தப் பாடத்தைப் படிப்பித்த கை. எழுத்து அழகாகவே விழுந்தது.

ஜூலை 22

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெமீலிடம் இரண்டு தரம் விசாரித்தேன். "வழிச்சுத் துடைச்சுத் திண்டுட்டுப் போனாங்க" என்றார்.

நிம்மதியா? கண்ணை மூடிக்கொண்டு உட்துறைமுக வீதியைக் கடந்த பிள்ளை அடிபடவில்லை என்று வைப்போம். அதற்காக அது ஒழுங்காகக் கடந்தது என்று சொல்வேனா?

ஜூலை 24

வினோதன் வந்தான். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் விவசாயம் படித்தவன், இப்போது அந்தக் கல்லூரியில் விரிவுரையாளன்.

"ரீச்சர், ஒரு பகிடி கேளுங்கோ" என்று தொடங்கினான்.

கன்ரீனுக்கு வரும் மரக்கறியில் மருந்து நிற்கிறதா என்று பார்ப்பது மாணவர்களுக்குச் செய்முறைப் பாடம். காய் அலசிய நீரை ஒரு சின்ன அட்டையில் விடுவார்கள். சுத்தமென்றால் அட்டை நீலமாகும், மருந்தென்றால் வெள்ளையாகவே இருக்கும். மின்ஹா என்ற கிண்ணியாப் பிள்ளைக்கு என் காயில் வெள்ளை.

"மூண்டு தரம் பாத்தனான் எண்டு நிக்கிறா. உங்கட புத்தகத்தில பதினேழு நாள் கிடக்கு. நான் ஆரை நம்புறது? எனக்கே இதைப் படிப்பிச்ச ஆள் நீங்கள்."

அவளுடைய அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். பிழை தன்னுடையது என்று அவள் எழுதித் தராவிட்டால், கொழும்புப் பரிசோதனைக்கூடப் பயிற்சிக்கு அவளுடைய பெயர் போகாது. ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

வாசல் கேற் வரை போய் வழியனுப்பினேன்.

ஜூலை 26

மின்ஹா வந்தாள். கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, உப்புவெளியில் என் வீடு வரைக்கும்.

"நான் எங்க பிழை விட்டேன் எண்டு சொல்லித் தாங்க ரீச்சர். எழுதிக் குடுக்கிறதெண்டாலும் என்ன பிழையெண்டு எனக்குத் தெரியணும்தானே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். என்ன செய்தேன்? காய் வெட்டிய கத்தியைக் கழுவினாயா என்று கேட்டேன். அதற்கு முன் அதே கத்தியால் வேறு மரக்கறி வெட்டினாயா என்று கேட்டேன். வகுப்பில் கேட்பதுபோல. பொறுமையாக.

"கழுவினேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கழுவினேன் எண்டுதான் நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' — அதை அவளுக்குள் போட்டது நான்தான். சீ. என்ன மனுசி நான்? பேரப்பிள்ளை வயசுப் பிள்ளை.

போகும்போது நன்றி வேறு சொன்னாள்.

ஜூலை 27

கோயிலுக்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

ஜூலை 28

மருந்துப் போத்தலையும் தோட்டப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அடித்தது பதினாலாம் திகதி, எழுதியது பொய் என்று வினோதனிடம் சொன்னேன்.

"நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாம் ரீச்சர். நான் சமாளிச்சிருப்பன்."

"ஓம். அந்தப் பிள்ளையை வைச்சுத்தானே சமாளிச்சிருப்பாய்."

சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் அறிவிக்கச் சொன்னேன். வகுப்பில் நானே சொல்ல வேண்டும் என்றேன். "வேண்டாம் ரீச்சர், கெஞ்சிக் கேக்கிறன்" என்றான். நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகள். எப்போதும் உதாரணம் சொல்லித் தொடங்குகிறவள், இன்றைக்கு அது இல்லாமலே தொடங்கினேன். திகதிகளை மட்டும் சொன்னேன். பிறகு மூன்றாவது வரிசை வாங்கில் இருந்த மின்ஹாவைப் பார்த்து, "நீ கத்தியைக் கழுவினனீ, பிள்ளை" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

ஜூலை 31

கல்லூரிக் கடிதம். தாங்களே வந்து காய் எடுத்துச் சோதித்துச் சரியென்று காணும்வரை என் தோட்டத்தில் வாங்கமாட்டார்கள். மின்ஹாவின் பெயர் கொழும்புக்குப் போய்விட்டதாம். அதைக் கடிதத்தின் அடியில் வினோதன் கையால் எழுதியிருந்தான்.

ஜெமீலைக் கடைத்தெருவில் கண்டேன். "உங்கட காய் திரும்பி வாற அண்டைக்கு முதல் சோத்துக் கோப்பை உங்களுக்குத்தான் ரீச்சர். திண்டு காட்டிட்டுத்தான் போகணும்." சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

செப்டம்பர் 9

பயிற்சி முடிந்து வந்த மின்ஹாவைத்தான் காய் எடுக்கக் கல்லூரி அனுப்பியிருந்தது. நான் வழக்கம்போல நல்ல காயாகப் பார்த்துப் பறிக்கப் போனேன்.

"நீங்க தொட வேணாம் ரீச்சர். கொஞ்சம் அங்கால நிண்டா நல்லம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் தோட்டப் படலைக்கு வெளியே போய் நின்றேன். ஐந்து வரிசையிலும் நடந்து, அடியிலும் நுனியிலும் அவளே பறித்துப் பையில் போட்டு ஒட்டினாள். மருந்து அடித்த நாளைக் கேட்டாள். சொன்னேன். எழுதினாள். பிறகு போத்தலைக் காட்டச் சொல்லி, எவ்வளவு மிச்சம் என்பதையும் எழுதினாள்.

வெயிலில் அவள் முகம் கறுத்திருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன்.

"சோதனை முடிவு வரட்டும் ரீச்சர். பிறகு வந்து குடிக்கிறேன்."

சரி பிள்ளை என்றேன்.