படத்துக்கு அகப்படாத அத்தானுக்கு

நான் என்ன சொன்னாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும் என் அருமை அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் ஆறுமுகம் சாலைக் கம்போளக் கடைத்தெருவிலிருந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை எந்தத் தபாலில் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷமும் கொஞ்ச நாளும் ஆயிற்று. அதற்குள் உங்கள் பெயரைச் சொல்லி இங்கே ஒரு பெரிய கூத்து நடந்து முடிந்திருக்கிறது. அதை நானே சொல்லிவிடுவது நல்லது. சபைக்காரர்கள் யாராவது முந்திக்கொண்டு அங்கே வந்து சொன்னால் பழியை முழுக்க என் தலையில் கட்டிவிடுவார்கள்.

முதலில் ஊர் விசேஷம். களியிக்காவிளைக்கு சர்க்கார் பஸ் விட்டுவிட்டார்கள். "மாட்டைத் தவிர எதை நம்பி ஏறினாலும் பாதி வழியில இறங்கி நடக்கணும்வே" என்பீர்களே. நான் ஏறினேன். பாதி வழியில் இறங்கி நடந்தேன். நடந்தபோது வந்த ஆத்திரம் பஸ் மேல் இல்லை, உங்கள் மேல்தான். ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லக்கூடாதா?

என் ஜவுளிக்கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். எதிரே உங்கள் இரும்புக்கடையைக் காலையில் நான்தான் திறக்கிறேன். போன வாரம் ஆணி கேட்டு வந்த ஒரு ஆசாரியிடம், "கரை எவ்வளவு அகலத்தில் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

இனி கூத்துக்கு வருகிறேன்.

நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சாலையில் கடை போட்ட முப்பது வீடு, அதற்கு ஒரு மச்சு அறை. செத்துப்போன நம்மவர்களின் படம் அந்த அறைச் சுவரில் இருக்கும். ஆடி அமாவாசையன்று சங்குமுகம் கடற்கரையில் பலி போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு படத்துக்கும் மாலை போட்டு, பெயரை உரக்க வாசித்து, அவரவருக்குப் பிடித்த பண்டத்தை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். படம் இல்லாதவருக்கு மாலை கிடையாது, பெயரும் கிடையாது. இந்தச் சட்டத்தைச் சபை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டவர் யார்? நீங்கள்தான்.

எழுதினவருக்கு ஒரு படம் இல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று காமிராவைக் கண்டாலே காத தூரம் ஓடினவர் நீங்கள். சபைக்காரர்கள் சேர்ந்து குரூப் போட்டோ எடுத்த அன்று உங்களை இழுத்து நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நின்றீர்கள். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டார். அவர் மூன்று எண்ணுவதற்குள் நீங்கள் முகத்தைத் திருப்பி, தலைவர் தாணு அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துவிட்டீர்கள். படத்தில் விழுந்தது அரைத் தலைப்பாகையும் ஒரு காதும். முகத்தை நேராகக் காட்டின பதினோரு பேரும் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். குனிந்தவர்தான் போய்விட்டீர்கள். இது என்ன நியாயம் அத்தான்?

நீங்கள் போன எட்டாம் மாசம், ஒருநாள் மத்தியானம் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் சொதி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தம்பி, அவருக்க மொகம் மறந்துட்டு வருது. சத்தம் அப்படியே கிடக்கு. நடந்து வாரது தெரியுது. மொகத்தை மட்டும் நினைச்சா வரமாட்டேங்கு."

பிள்ளை குட்டி இருந்தால் அதுகள் முகத்திலாவது உங்களைத் தேடலாம். அதுவும் இல்லை. முப்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தினவள், ராத்திரியும் பகலும் உங்கள் முகத்தைத் தேடிக்கொண்டு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்துக்கு, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு மாசம் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.

அன்றைக்கே சபையில் போய்ச் சொன்னேன். ஆடி அமாவாசைக்குள் அத்தான் படம் சுவரில் இருக்க வேண்டும், அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று. எல்லோரும் சம்மதித்தார்கள். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதும் மலையாளத்துக் குட்டப்பனைக் கூட்டி வந்து குரூப் போட்டோவைக் காட்டினோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு செவி மாத்ரம் வச்சு ஆளை எப்படி அண்ணாச்சி வரையும்? ஒரு கண்ணெங்கிலும் தரணும்" என்றார்.

சரி, வாயால் சொல்லுவோம் என்று ஆரம்பித்தோம். ஒருவர் உங்களுக்கு வட்ட முகம் என்றார். ஒருவர் நீள முகம் என்றார். தினமும் உங்களோடு காப்பி குடித்தவர், உங்களுக்கு மீசை உண்டா என்று என்னிடமே கேட்டார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பேசுகிறவரைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் உங்களுக்கு என்றைக்கு இருந்தது? முகம் தெருவில் இருக்கும், காது மட்டும் எங்களிடம் இருக்கும்.

கடைசியில் தாணு அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "எதுக்குவே இவ்வளவு பாடு? சங்கரலிங்கம் யாரு, இவனுக்க அத்தை மகன்லா. இவன் மூக்கும் அவரு மூக்கும் ஒரே மூக்கு. இவனைப் பிடிச்சு உக்கார வச்சு வரையட்டும். பாக்கியைக் கூட்டிக் குறைச்சா போரும்."

சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் மூக்கு ஒன்றாகத்தான் இருக்கும். மூக்கு ஒன்றானால் முகமும் ஒன்று என்று முப்பது வீட்டில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. எனக்கும் இல்லை, அதுதான் வேடிக்கை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். உங்கள் தலைப்பாகை, உங்கள் மூக்குக்கண்ணாடி, உங்கள் கறுப்புக் கோட்டு, எல்லாம் அக்கா எடுத்துத் தந்தாள். "அனங்காதெ இரிக்கணும் அண்ணாச்சி. மரிச்ச ஆளு அனங்குமோ?" என்று என்னை அசையவிடாமல் குட்டப்பன் அதட்டிக்கொண்டே இருந்தார். கோட்டுப் பையில் கையை விட்டேன். உங்கள் பொடி மட்டை கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தேன். நீங்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. கண் கலங்கிற்று, உடனே பெரிய தும்மலும் வந்தது. படத்தில் மூக்கு கொஞ்சம் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆடி அமாவாசை வந்தது. பெண்டுபிள்ளைகளெல்லாம் மச்சுக்கு ஏறி வந்துவிட்டார்கள். அக்கா உங்களுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டு வந்திருந்தாள். துணியை விலக்கினார்கள். அருவி ஒன்று விழுகிறது, பக்கத்தில் ஒரு மயில், நடுவில் தலைப்பாகையும் கண்ணாடியுமாக நான். கல்லாற்றுப் பக்கம் போனாலே குளிர் பிடிக்கும் என்று கடையை விட்டு நகராத உங்களை அருவியில் நிறுத்திய குற்றம் ஒருபுறம் இருக்கட்டும். அது நீங்களே இல்லை. தலை முதல் கால் வரை நான்.

தாணு அண்ணாச்சி அதற்கு மாலையும் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரி சொர்ணத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு இந்தா நிக்காரு, மூச்சு விட்டுக்கிட்டு. அவரு மூஞ்சிக்கு மாலையா போடுதீய? எடுங்க அதை."

"அது உன் வீட்டுக்காரன் இல்லைம்மா. கீழே பேரு எழுதியிருக்குல்லா, பாரு" என்றார் தாணு அண்ணாச்சி.

"எமன் என்ன பேரை வாசிச்சுப் பாத்தா கூட்டிட்டுப் போவான்? மூஞ்சியைப் பாத்துல்லா கூட்டிட்டுப் போவான்."

எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். "மாலையை எடுத்துட்டு படம் மட்டும் இருக்கட்டுமே" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "மாலை இல்லாம தொங்கினா அது என்ன, கடையில காலண்டரா?" என்றார் தாணு அண்ணாச்சி. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல் வந்தது. சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சொர்ணம் மாலையைப் பிடுங்கி எறிந்தாள்.

அக்கா உளுந்தஞ்சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். உங்கள் பெயரை வாசிக்காமலே அந்த அமாவாசை முடிந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். நான் செய்தது தப்பில்லை என்று காட்டுவதற்காகக் குரூப் போட்டோவையும் சபை அலமாரியிலிருந்து எடுத்துப் போனேன். நீங்கள் அதை வீட்டுப் பக்கமே விடாததால் அவள் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

"நேத்து அவரைப் பாக்கணும்னு வந்தேன்" என்றாள். "உன்னைப் பாத்துட்டு வந்தேன். உன்னைத்தான் நான் தினமும் பாக்குதேனே, தம்பி."

"என்னைக் கோபிச்சு என்னக்கா செய்ய? குட்டப்பன்கிட்ட கொடுக்க எங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான். இதை வச்சு யாருதான் வரைவான், நீயே சொல்லு" என்று போட்டோவை நீட்டினேன்.

கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொருவர் மேலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். தாணு அண்ணாச்சி தோளுக்குப் பின்னால் விரல் நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நின்று, மறுபடியும் பார்த்து, மறுபடியும் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அழுதுவிட்டேன்.

"அன்னா ஒளியுதாரு பாரு" என்றாள். "இந்தக் காதுதான், தம்பி. நான் வாயைத் திறந்தா மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாரு. முப்பது வருசம் நான் குடும்பம் நடத்தினது இந்தக் காதுகிட்டத்தான். மொகம் எங்க நினைவிருக்கும்? இதைப் பாத்த உடனே வந்துட்டாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை மாட்டச் சொல்லு."

இதை மாட்டுவது அத்தனை லேசான காரியமா? அதில் பதினோரு பேர் உயிரோடு இருக்கிறோம். பதினோரு வீட்டுப் பெண்களும் சொர்ணத்தைத் தலைவியாக வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசியில் கத்தரியை எடுத்தோம். உங்களை மட்டும் வெட்டி எடுக்கும்போது தாணு அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். "பாத்து வெட்டுவே. என் தோளு கொஞ்சம் அதுல கிடக்கு. தோளுக்கும் ஆயுசு உண்டும்" என்று மூன்று தரம் சொன்னார். அவர் தோளை ஒதுக்கி வெட்டியதில் நீங்கள் இரண்டு விரல் அகலத்துக்கு மிஞ்சினீர்கள்.

இது படம் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். உங்கள் கைப்பட எழுதின சட்ட நோட்டைப் பிரித்துக் காட்டினேன். படம் வேண்டும் என்றுதான் இருக்கிறது, முகம் வேண்டும் என்று இல்லை. அப்படி எழுதும்போதே இதை மனசில் வைத்துத்தான் எழுதினீர்களோ என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.

ஆகவே அத்தான், சபைச் சுவரில் பெரிய பெரிய மீசைகளுக்கும் ஜரிகைத் தலைப்பாகைகளுக்கும் நடுவே, கண்ணாடி போட்ட ஒரு சின்னச் சட்டத்தில் உங்கள் காது தொங்குகிறது. மாலை போட்டால் மூடிப்போகிறது என்று ஒற்றை அரளிப் பூ வைக்கிறோம். விட்டுப்போன பெயரைத் தனியாக ஒரு நாள் வைத்து வாசித்தோம். உளுந்தஞ்சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா மச்சுக்கு ஏறி வருகிறாள். ஓடு ஒழுகுவது, பால்காரன் தண்ணீர் ஊற்றுவது, என்மேல் இருக்கிற குறை, எல்லாவற்றையும் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள். நீங்கள் எங்கும் எழுந்து போக முடியாமல் கேட்கிறீர்கள்.

அருவிப் படத்தைச் சொர்ணம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள். தூக்கிப் போட்டுவிடேன் என்றேன். "நல்லா இருக்கு கதை. நாள் வரும்போது எங்க போய்த் தேட? பேரை மட்டும் மாத்தினா போரும்" என்றாள். என் ஆயுசுக்காக அவ்வளவு சண்டை போட்டவள்தான் இதையும் சொல்கிறாள்.

அவள் சொல்வது சரிதான். ஒரு நாள் என் பெயரையும் அங்கே வாசிக்கத்தான் போகிறார்கள். அன்றைக்கு அந்தப் படத்தை உங்களுக்கு இந்தப் பக்கத்தில், என் வாய் உங்கள் காது மட்டத்துக்கு வரும்படி மாட்ட வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் இருந்த காலத்தில் கடைக்குக் கடை கத்திப் பேசியும் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. மெதுவாகச் சொல்லுகிறேன். அதுவரை அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், இது சத்தியம். நீங்கள் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், காது இந்தப் பக்கம் இருந்தால் போதும்.

உங்கள் தலைப்பாகையை இன்னும் திருப்பிக் கொடுக்காத,
மாமன் மகனும் மைத்துனனுமான
ஆறுமுகம்