இடுப்பில் எங்கே மாட்டுவாள்?

ஷார்ஜா
18.2.2008

அன்புள்ள மகன் மணிமாறனுக்கு,

அம்மா எழுதுகிறேன்.

"அது சரிம்மா, துப்பாக்கிய அவ எங்க சொருகிக்குவா? கொசுவத்துலயா?" என்று போன மாதம் போனில் கேட்டாய். கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். உன் ரூமில் இன்னும் நாலு பேர் சிரித்ததும் கேட்டது. "மாப்ள, இனிமே சோறு கொழைஞ்சிருச்சுன்னு வாயத் தெறந்துறாத, சுட்டுரும்" என்று கார்மேகம் சொன்னதும் கேட்டது. எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன். உன் பெண்டாட்டி நாகஜோதி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. நீ வீட்டுக்கு வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. புஜைராவில் மண்காற்று என்று செய்தியில் சொன்னார்கள். இருமல் எப்படி இருக்கிறது? உங்கள் கம்பெனி வேன் ஓட்டும் நிஜாமிடம் இந்தக் கடிதத்தோடு மருந்தும் கொடுத்திருக்கிறேன். கோபம் வேறு, மருந்து வேறு.

முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவள் நான். கேலிக்குக் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லித்தான் பழக்கம். உனக்கும் சொல்கிறேன்.

முதலில் வேலையைப் புரிந்துகொள். துபாயில் ஒரு பெரிய வீட்டுப் பெண்களுக்குக் காவல். கோட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டும். துப்பாக்கிக்கு அந்த வீட்டுக்காரர்களே அனுமதி வாங்கித் தருகிறார்கள். டியூட்டி முடிந்ததும் துப்பாக்கியை அங்கேயே பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். நம் வீட்டு வாசலை அது மிதிக்காது. கார்மேகத்திடமும் சொல், நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஊரில் ஆயுதப்படையில் ஐந்து வருடம் ரைஃபிள் தூக்கியவள் நாகஜோதி. கைத்துப்பாக்கி அவளுக்கு இதுதான் முதல் தடவை. பயிற்சி கொடுப்பவர் ஒரு பட்டாளத்துக்காரர், நல்ல மனிதர்தான். மேசையில் மூன்றை வைத்து, இருப்பதிலேயே சின்னதைக் காட்டி, "பாபி, சோட்டா வாலா லே லோ" என்றாராம், அண்ணி, சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பொம்பளைக்குச் சின்னது போதும் என்று நினைப்பு. சுட்டுப் பார்த்தால் சின்னதுதான் அதிகமாக உதைத்தது. சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை. பெரியதை எடுத்தால் விரல் விசைக்கு எட்டவில்லை, மணிக்கட்டைத் திருக வேண்டியிருந்தது. நடுவில் இருந்ததை எடுத்தாள். எல்லா விரலும் அடங்கியது, மணிக்கட்டு நேராக நின்றது.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்னக் கைதானே என்று துண்டுப் பென்சிலைக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளையோ விரலெல்லாம் சிவக்க அழுத்தி அழுத்தி எழுதும். நீயும் அப்படி எழுதி அழுதவன்தான்.

அடுத்தது உன் கேள்வி. துப்பாக்கியைச் செருகக் கொடுத்த தோல் உறை ஆண்கள் இடுப்புக்குத் தைத்தது. உங்களுக்கு இடுப்பு மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது, எங்களுக்கு வெளியே வளைகிறது. அதனால் உறை சாய்ந்து, பிடி விலாவில் போய்க் குத்துகிறது. ஒரு வாரப் பயிற்சியில் அவளுக்கு விலா கன்றிப்போய்விட்டது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்னிடமும் சொல்லவில்லை, துணி மாற்றும்போது நான்தான் பார்த்தேன்.

தொழில்பேட்டையில் தோல் தைக்கும் மீராசாவிடம் கூட்டிப் போனேன். துப்பாக்கி அளவுக்கு அவர் செதுக்கி வைத்திருந்த மரக்கட்டையில் ஈயம் அடித்து, அதே எடைக்குச் செய்து உறையில் போட்டுக் கொடுத்தார். அதை நானே ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். ஆமாம், உன் அம்மாதான். பாவாடைமேல் உன் பழைய பெல்ட்டை இறுக்கி, அதற்குமேல் சேலை. நடந்தால் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால்தான் தெரிகிறது. கீரை ஆய உட்கார்ந்தபோது விலாவில் ஓங்கி ஒரு இடி. நாலு மணிக்கெல்லாம் இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

மறுநாள் போய், இரண்டு விரற்கடை கீழே இறக்குங்கள், உடம்பைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும், பெல்ட்டையும் தடித்த தோலில் தையுங்கள் என்றேன். "டீச்சரம்மா, முப்பது வருசமா தைக்கிறேன், ஒக்காந்து பாத்துட்டு வந்து கொறை சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். இப்போது அவளுக்கு வலிக்கவில்லை. வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், கோட்டுக்குள். அங்கேதான் மாட்டுவாள். உன் கேள்விக்குப் பதில் முடிந்தது.

இனி என் கோபம். நாகஜோதி உன்னைக் கட்டும்போது போலீஸ்காரி. கூடப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள், வேலையை விட்டுவிடு என்று அன்றைக்குச் சொன்னாய். அவள் வேலையை விட்டாள். அந்த ராஜினாமாக் கடிதத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் நான். நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேல் இருக்கும் கோபம்தான். அதனால் உனக்குக் குறைத்துக் கொடுப்பேன் என்று நினைக்காதே.

உன் விசாவில் இருக்கிறாள், அதனால் வேலையில் சேர நீ ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். வியாழக்கிழமை காலைக்குள் போகாவிட்டால் அந்த இடம் நஸீரா என்ற பெண்ணுக்குப் போய்விடும். நஸீரா நல்ல பெண்தான், ஆனால் இது அவள் இடம் இல்லை. கடிதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நிஜாம் புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிறான்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதி அனுப்பு, அவளிடம் நானே படித்துக் காட்டுகிறேன். சிரித்து மட்டும் தட்டிக்கழிக்காதே. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நன்றாக இரு. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் செய். நாளை டியூட்டிக்குப் போகும்போது, ஒரு கிலோ கனமுள்ள ஸ்பானரைத் துணியில் சுற்றி வலது இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள். குனி, நிமிர், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடு. வலிக்கிறது என்று சாயங்காலம்வரை ஒருவரிடமும் சொல்லாதே. அப்புறம் பேனாவை எடு.

உன் அம்மா,
மாரியம்மாள்