வெளியே வைத்திருந்த பை

அன்புள்ள மைனிக்கு,

வருகிற ஐப்பசியோடு நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதச் சொன்னாலே டிராக்டரை எடுத்துக்கொண்டு நழுவிவிடுகிறவன். ஆனாலும் ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஊரில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் வீட்டு விவரம். கார் நெல் அறுத்தாயிற்று. அடுத்த பிசானப் போகத்துக்கு உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் செவலைப் பசு மறுபடியும் கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அண்ணன் அதனோடு பேசுகிற பேச்சில் பாதியை மனுசரோடு பேசினால் நன்றாயிருக்கும். நீங்கள் இருந்த வரைக்கும் உங்களோடு பேசினார். இப்போது அதுதான்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். அதை நிம்மதியாக எழுத முடிகிறதே, அதன் கதைதான் இந்தக் கடிதம்.

அந்த ஜவுளிக்கடைப் பை ஞாபகம் இருக்கிறதா மைனி? சீவலப்பேரியில் டவுன் பஸ் ஏறி நாம் திருநெல்வேலிக்கு எத்தனை தடவை போயிருப்போம்! அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்று துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவீர்கள். முட்டுவலிக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், நெஞ்சு படபடப்புக்கு ஒரு டாக்டர். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் அந்த டாக்டரின் சீட்டை மட்டும் உருவிக்கொண்டு, மற்றதெல்லாம் இருக்கிற பையை என் மடியில் வைப்பீர்கள்.

“ஏலே, நீ இங்கனயே இரு. அவரு சீட்ட இவருட்ட காட்டுனா இவருக்கு மனசு சங்கடப்படாதா? நம்மள நம்பாம இன்னொருத்தர்ட்ட போயிருக்கான்னு நெனைக்க மாட்டாரா?”

அதுதான் நீங்கள். ஒரே நாளில் இரண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக நேர்ந்தால், முதல் வீட்டில் சாப்பிட்டதை இரண்டாவது வீட்டில் சொல்ல மாட்டீர்கள். வயிறு முட்ட இருந்தாலும் அந்த இலையிலும் உட்காருவீர்கள். டாக்டர்களிடமும் அதே மரியாதை. முட்டு டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். சுகர் டாக்டரிடம் கால் கடுக்கிறது என்றீர்கள், அவரும் ஒரு வலி மாத்திரை எழுதினார். இரண்டையும் வேளை தவறாமல் போட்டீர்கள். நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளி பெஞ்சில், செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் வீங்கி, முகம் வீங்கி, கிட்னி போய்விட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோதுகூட எனக்கு அந்தப் பையின் நினைவு வரவில்லை. சுகர் முற்றிவிட்டது என்றுதான் ஊரே பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வருஷம் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். களக்காட்டுப் பக்கம், வாழை விவசாயி மகள். தினமும் வந்தார் மைனி. அதுவே அதிசயம். நம் கட்டடத்தில் நாற்காலி இருந்த அளவுக்கு டாக்டர் இருந்ததில்லையே! யார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “வீட்ல கெடக்க மாத்திர எல்லாத்தயும் அள்ளிட்டு வாங்க.” ஊர்ப் பெண்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் கொடுத்த மாத்திரையை மட்டும் கொண்டுபோய்க் காட்டினார்கள். உங்களோடு பழகின சோட்டுக்காரிகள்தானே.

அண்ணனுக்கும் முட்டு பிடித்துக்கொண்டது. ஒரு வழியாகக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பெயரைக் கூப்பிட்டதும் அவர் பையை என் மடியில் வைத்தார். “இத நீ வச்சுக்கலே. அந்தப் பிள்ள வருத்தப்படும்.”

அதே பை. உங்கள் பை. எழுந்து, அவர் பின்னாலேயே உள்ளே போய், டாக்டரம்மா மேசையில் கவிழ்த்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை ஏன் கேட்கிறீர்கள்!

டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

“இது ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே. பேருதான் வேற, ரெண்டும் வலி மாத்திர. சேத்துப் போட்டா கிட்னி போயிரும். இத எத்தன நாளா போடுதிய?”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒண்ணு, வலி பொறுக்காம ஒருதடவ டவுனுக்குப் போனப்ப எழுதிக் குடுத்தது. இன்னொண்ணு என் வீட்டுக்காரி போட்டது. அவ அட்டயக் காட்டி மெடிக்கல்ல வாங்கிக்கிட்டேன். அவளுக்கு அதுல வலி கேட்டுச்சே.”

மைனி, உங்கள் நினைவாக ஒரு மனுசர் உங்கள் மாத்திரையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். நமக்கு யாருக்கும் தெரியாது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேளை, கிட்னி தப்பியிருந்தது. வலி மாத்திரை இரண்டையும் இனி தொடக்கூடாது, மாசாமாசம் வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது நான் மட்டும் நின்று கேட்டேன்: “எங்க மைனிய அன்னைக்கே நீங்க பாத்திருந்தா, அவுக பிழைச்சிருப்பாவளா?”

டாக்டரம்மா சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். “எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அவுகள நான் பாத்ததில்லயே” என்றார்.

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டவுன் டாக்டர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முட்டு டாக்டர் முட்டைப் பார்த்தார். சுகர் டாக்டர் சுகரைப் பார்த்தார். உங்களை யார் மைனி பார்த்தது?

இப்போது அந்த டாக்டரம்மாவை இன்னும் இரண்டு ஊருக்குச் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நமக்கு வாரம் இரண்டு நாள்தான். அதுவும் நின்றுவிடும் என்கிறார்கள், ஆள் போட நிதி இல்லையாம். கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் போய்விட்டால் அண்ணன் மறுபடி டவுன் பஸ் ஏறுவாரா, அல்லது உங்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு மெடிக்கலுக்குப் போவாரா? எதைச் செய்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் மனு எழுதியிருக்கிறேன். நானேதான் எழுதினேன், சிரிக்காதீர்கள். அரிசிக்கு நமக்கு எந்தக் கடை என்று ரேஷன் கார்டில் இருக்கிறது. ஓட்டுப் போட எந்தப் பள்ளிக்கூடம் என்றும் இருக்கிறது. உடம்புக்கு எந்த டாக்டர் என்று மட்டும் ஏன் இல்லை? வசதி உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு அரசாங்கம்தான் வைக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒதுக்குகிற பணத்தோடு அதில் உட்காருகிற ஆளுக்கும் ஒதுக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

முதல் கையெழுத்து அண்ணன் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

“பக்கத்துல அவ பேரயும் போடுலே.”

“செத்தவுக பேர மனுவுல போட முடியாதுண்ணே.”

“அப்போ அவளுக்கு வேற எப்படியாவது சொல்லு” என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன். உங்கள் மூன்று சீட்டும் இன்னும் அந்தப் பையில்தான் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்துக் காட்டுவேன். யார் மனசு சங்கடப்பட்டாலும் சரி மைனி, இந்தத் தடவை பையோடு உள்ளே போவேன்.

இப்படிக்கு,
வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்கள் கொழுந்தன்