காப்புரிமைத் தாளில் இல்லாத விரல்கள்

ஓடென்சே, மார்ச் 9

அன்புள்ள டிட்டே,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அதுகூட இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். முனிக் காப்புரிமை அலுவலகத்தில் நம் மேல்முறையீடு முடிந்துவிட்டது, தோற்றுவிட்டோம். அப்பாவும் நானும் பன்னிரண்டு வருடம் உழைத்துக் கண்ட கிருமிக்கொல்லி நொதிக்கு இனிக் காப்புரிமை இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் காலையில், "இது யாருக்கும் தோணியிருக்குமே, இதுல என்ன புதுசு?" என்றார், மத்தியானம் சாப்பிட்டு வந்து, "எழுதியிருக்கிறபடி செஞ்சா யாருக்குமே வரலையே" என்றார். வெட்கமே கிடையாது. நம் வக்கீல் ஹோல்கர் முதலாவதை அடித்து நொறுக்கிவிட்டார், இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டோம். மூன்று ஆய்வகங்களில் காப்புரிமைத் தாளில் உள்ளபடியே செய்து பார்த்திருக்கிறார்கள், ஒரு கிருமிகூடச் சாகவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பா போன பிறகு எனக்கும் வரவில்லை.

அவர் கையுறை போடமாட்டார், உனக்குத் தெரியும். "மாட்டினா குழாய் வழுக்குதுடி" என்பார். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தாளில் நான்தான் "கையுறை அணிந்து" என்று எழுதிவைத்தேன். போன மாதம் அவர் கலக்கிய கண்ணாடிக் கோலைக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தேன். கோலைச் சுற்றி ஒன்றுமே முளைக்கவில்லை. போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன மனிதர், டிட்டே! அதே கிறுக்கில் நீ அனுப்பிய பிறந்தநாள் அட்டையையும் இன்னொரு தட்டில் அழுத்தினேன். மறுநாள் தட்டெல்லாம் வெள்ளையாய்ப் பூத்திருக்க, ஓரத்தில் மட்டும் ஐந்து வட்டம் வெறுமையாக இருந்தது. நீ எழுதும்போது விரல் ஊன்றிய இடம்.

விசாரணையில் நடுவர் குழுத் தலைவர் என்னைப் பார்த்து, "தாள்ல விட்டுப்போனது ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி யாருடைய கை என்பதுதான், அதற்கடுத்து உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஹோல்கர் முகம் செத்துவிட்டது. ரயிலில் ஹாம்பர்க் வரை அழுதேன், காப்புரிமைக்காக அல்ல.

ரை தானிய ரொட்டி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று போனில் சலித்துக்கொண்டாயே. அப்பா தொட்ட மாவும் புளிக்காது, கைராசி இல்லாதவர் என்று கேலி செய்து சமையலறையை விட்டே துரத்துவேன். நீ ஒருமுறை கையுறை போட்டுப் பிசைந்து பார். பொங்கினால் யாரிடமும் சொல்லாதே, மாப்பிள்ளையிடம்கூட. அட்டையை எரித்துவிட்டேன், அப்பாவின் கோலை எரிக்க மனசு வரவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே. பதில் எழுதும்போதும் கையுறை போட்டுக்கொள்.

உன் அம்மா,
போடில்